மணிச்சத்து இட்டதும் வேர் என்ன செய்தது? மனாவுஸ் மழைக்காட்டு உரச் சோதனை: ஒரு நிகழ்வு ஆய்வு

இடமும் மண்ணும்

பிரேசிலின் மனாவுஸ் நகருக்கு வடக்கே சுமார் 80 கிலோமீட்டர் தொலைவில் கோடரி படாத மழைக்காடு இருக்கிறது. காடு துண்டுபடும்போது என்ன நேர்கிறது என்று அறிவதற்காக 1979 முதல் அங்கே நீண்ட கால ஆய்வு நடந்துவருகிறது. இந்தக் கட்டுரை பேசும் உரச் சோதனையும் அங்கேதான் நடந்தது. ஆண்டு மழை ஏறத்தாழ 2,400 மில்லிமீட்டர். ஜூன் முதல் அக்டோபர் வரை மழை தணியும். மேல் மண் களிப்பாங்கானது, கடும் அமிலத்தன்மை உடையது, நிறம் மஞ்சள். மண் அறிவியலில் இதை ஃபெரல்சால் என்பார்கள். கோடிக்கணக்கான ஆண்டுகள் மழையில் ஊறித் தேய்ந்து, இரும்பு, அலுமினிய ஆக்சைடுகளும் கயோலின் களியும் மட்டும் எஞ்சிய மண் இது.

மற்ற சத்துகளிலிருந்து மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், ஒரு விதத்தில் வேறுபடுகிறது. தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், காற்றில் இருக்கிறது. நுண்ணுயிர்கள் அதைப் பிடித்து மண்ணில் சேர்க்கும். மணிச்சத்துக்குக் காற்றில் இருப்பு கிடையாது. தாய்ப்பாறையில் உள்ள அபடைட் கனிமம் கரைந்து தருவதுதான் அடிப்படை வரவு. பாறை கரைந்து தீர்ந்தால் வரவும் தீரும். மீதி இருப்பதில் பெரும்பங்கை இரும்பும் அலுமினியமும் இறுகப் பிடித்துக்கொள்ளும். மண் மூப்படைய மூப்படைய மணிச்சத்து குறைவதோடு, குறைந்ததும் வேருக்கு எட்டாத வடிவத்துக்குப் போய்விடும். 1976-ல் வாக்கர், சையர்ஸ் என்ற இருவர் வகுத்த இந்தப் படத்தை ஹவாய்த் தீவுகள் நன்றாக உறுதிப்படுத்தின. அங்கே 300 ஆண்டு வயதுள்ள எரிமலை மண்ணில் மரங்கள் தழைச்சத்துக்கு ஏங்குகின்றன; 41 லட்சம் ஆண்டு வயதுள்ள மண்ணில் மணிச்சத்துக்கு ஏங்குகின்றன.

மனாவுஸ் மண் அந்த மூப்பின் கடைக்கோடியில் நிற்கிறது. புதிதாக வருவது மிகச் சொற்பம். சகாராவிலிருந்து அட்லாண்டிக் கடலைக் கடந்து காற்றில் வரும் தூசி அமேசான் படுகைக்கு ஆண்டுதோறும் சுமார் 22,000 டன் மணிச்சத்தைக் கொண்டுவருகிறது என்று 2015-ல் செயற்கைக்கோள் தரவுகளைக் கொண்டு கணக்கிட்டார்கள். கேட்கப் பெரிதாகத் தோன்றும். ஹெக்டேருக்குப் பிரித்தால் ஏறத்தாழ 23 கிராம்தான்.

ஆனாலும் அந்த மண்மேல் அத்தனை பெரிய காடு நிற்கிறது. அது எப்படி என்ற கேள்விக்கு மரத்தின் கையில் மூன்று விடைகள் உண்டு. ஒன்று, வேரை மெல்லியதாக்கி நீளத்தைக் கூட்டி அதிக மண்ணைத் தொடுவது. இரண்டு, பாஸ்படேஸ் என்ற நொதியை வேரிலிருந்து கசியவிட்டு, மட்கிய பொருளில் கட்டுண்ட மணிச்சத்தை வெட்டி எடுப்பது. மூன்று, பூஞ்சையோடு கூட்டுச் சேர்வது. அமேசான் மரங்களில் மிகப் பெரும்பாலானவை வேருக்குள் புகுந்து வாழும் ஆர்பஸ்குலர் பூஞ்சையோடு கூட்டு வைத்தவை. தமிழக வேளாண் துறையில் வேர் உட்பூசணம் என்று பாக்கெட்டில் கிடைப்பதும் இதே கூட்டத்தைச் சேர்ந்ததுதான்.

பாஸ்பேட் மண்ணில் மிக மெதுவாக நகரும். வேரைச் சுற்றி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தூரத்துக்குள் இருப்பதை வேர் உறிஞ்சி முடித்தால் அங்கே ஒரு வெற்று வளையம் உருவாகிவிடும். பூஞ்சை இழையின் விட்டம் 2 முதல் 10 மைக்ரோமீட்டர். வேர் நுழையாத துளைகளில் அது நுழையும், அந்த வளையத்தைத் தாண்டிச் சில சென்டிமீட்டர் வரை போய் எடுத்துவரும். இது இலவசமல்ல. மரம் ஒளிச்சேர்க்கையில் ஈட்டிய கரியில் (கார்பனில்) 4 முதல் 20 விழுக்காடு வரை பூஞ்சைக்குக் கூலியாகப் போகலாம்.

சோதனைக்கு முன் தெரிந்திருந்தவை

1970-களில் வெனிசுவேலாவின் சான் கார்லோஸ் டி ரியோ நீக்ரோவில், காட்டுத் தரைமேல் படர்ந்திருக்கும் வேர்ப்பாயின்மீது கதிரியக்கக் குறியிட்ட பாஸ்பரஸையும் கால்சியத்தையும் தெளித்துப் பார்த்தார்கள். 1978-ல் வெளியான முடிவின்படி, பாயைத் தாண்டிக் கீழே கசிந்தது 0.1 விழுக்காட்டுக்கும் குறைவு. அதே ஆண்டு, விழுந்த இலையிலிருந்து பூஞ்சை இழை வழியாக மணிச்சத்து வேருக்கு நேரடியாகப் போவதையும் காட்டினார்கள். மத்திய அமேசானில் சருகோடு தரைக்கு வரும் மணிச்சத்து ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 2 கிலோ அளவுதான். அந்த இரண்டு கிலோவை நழுவ விடாமல் சுழற்றித்தான் காடு வாழ்கிறது.

அடுத்த சான்று படுகையின் அகலத்திலிருந்து வந்தது. ஆண்டிஸ் மலையடிவாரத்தை ஒட்டிய மேற்கு அமேசான் மண் இளையது, மணிச்சத்து அதிகம், மரங்கள் வேகமாக வளர்ந்து வேகமாக மடிகின்றன. மத்தியிலும் கிழக்கிலும் மண் கிழடு, மரங்கள் மெல்ல வளர்ந்து நீண்ட காலம் நிற்கின்றன. படுகை முழுவதும் அளந்தபோது, மரத்தண்டு வளர்ச்சியோடு மிகவும் ஒத்துப்போன மண் பண்பு மொத்த மணிச்சத்துதான்.

ஒத்துப்போவதை வைத்து மட்டும் காரணம் சொல்ல முடியாது. மேற்கே மண்ணின் ஆழமும் வடிகாலும் வேறு, மர இனங்களும் வேறு. உரம் இட்டுப் பார்த்த சோதனைகளோ வேறு கதை சொல்லின. 1998-ல் பனாமாவில் தொடங்கிய புகழ்பெற்ற சோதனையில் மணிச்சத்து சருகு உற்பத்தியைக் கூட்டியது, ஆனால் சாம்பல்சத்து (பொட்டாசியம்) இட்டதும் நுண்வேரின் எடை குறைந்தது. எந்த ஒரு சத்தையும் தனித்து ‘இதுதான் தடை’ என்று காட்ட முடியவில்லை. வெப்பமண்டலச் சோதனைகளையெல்லாம் சேர்த்துப் பார்த்தபோது, தழைச்சத்துக்கான பதிலும் மணிச்சத்துக்கான பதிலும் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தன. இதில் ஒரு பெரிய இடைவெளி மறைந்திருந்தது. அந்தச் சோதனைகளில் பெரும்பாலானவை அமேசானின் பெரும்பகுதியைவிட மணிச்சத்து மிகுந்த மண்ணில் நடந்தவை. சத்து வறிய மண்ணில் கேட்க வேண்டிய கேள்வியை வளமான மண்ணில் கேட்டிருந்தார்கள்.

இதன் அவசரம் வெறும் மண்ணியல் சார்ந்தது அல்ல. காற்றில் கரியமில வாயு கூடினால் அமேசான் அதிகம் வளர்ந்து அதைச் சேமிக்கும் என்று பல கணினி மாதிரிகள் எதிர்பார்த்தன. 2019-ல் 14 மாதிரிகளை ஒப்பிட்டபோது, மணிச்சத்துத் தட்டுப்பாட்டைக் கணக்கில் சேர்த்தவை காட்டிய கூடுதல் வளர்ச்சி, சேர்க்காதவை காட்டியதில் ஏறத்தாழ பாதிதான். வேரும் பூஞ்சையும் மணிச்சத்தை எவ்வளவு திறமையாகத் தேட முடியும் என்பதைப் பொறுத்து விடை மாறியது. அதை அளந்த தரவு மிகக் குறைவாக இருந்தது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

ஆய்வுக் குழு மனாவுஸ் அருகிலுள்ள அந்தக் காட்டையே தேர்ந்தெடுத்தது. அங்குள்ள மண்ணின் மணிச்சத்து அளவு, அமேசான் படுகையில் சுமார் 60 விழுக்காட்டுப் பரப்பை ஒத்தது என்பதே முதற்காரணம். 2017-ல் உரமிடல் தொடங்கியது.

மொத்தம் 32 திடல்கள், ஒவ்வொன்றும் 50 மீட்டருக்கு 50 மீட்டர். எட்டு வகை இடுகை: எதுவும் இடாதது, தழைச்சத்து, மணிச்சத்து, காரச்சத்துகள் (கால்சியம், மக்னீசியம், பொட்டாசியம்), பிறகு இவற்றின் எல்லாச் சேர்க்கைகளும். ஒவ்வொரு வகைக்கும் நான்கு திடல்கள். இந்த அமைப்பின் பலம் மேலோட்டமாகத் தெரியாது. நான்கு திடல்களை நான்கு திடல்களோடு ஒப்பிட்டால், ஒரு பெருமரம் விழுந்தாலே கணக்குக் குலைந்துவிடும். ஆனால் எல்லாச் சேர்க்கைகளும் இருப்பதால், மணிச்சத்து பெற்ற 16 திடல்களை, பெறாத 16 திடல்களோடு எதிரெதிரே நிறுத்தலாம்.

அளவீடெல்லாம் நடுவிலுள்ள 30 மீட்டருக்கு 30 மீட்டரில் மட்டும் எடுக்கப்பட்டன. சுற்றிலும் 10 மீட்டர் விளிம்பு விடப்பட்டது. வேர் எல்லைக்கோட்டை மதிக்காது. வெளியே நிற்கும் மரத்தின் வேர் உள்ளே வந்து உரம் தின்னும், உள்ளே நிற்பதன் வேர் வெளியே போகும். விளிம்பு விடாத காட்டுச் சோதனைகளில் இதனால் விளைவு கரைந்துபோகலாம்.

மணிச்சத்து ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 50 கிலோ, ட்ரிபிள் சூப்பர் பாஸ்பேட் வடிவில். தழைச்சத்து 125 கிலோ, யூரியா வடிவில். காரச்சத்துகள் டோலமைட் சுண்ணாம்பாகவும் பொட்டாசியம் குளோரைடாகவும். ஆண்டுக்கு மூன்று தவணை, மூன்றும் மழைக்காலத்தில்.

இந்த எண்களை வேறிடத்தில் பின்பற்ற நினைப்பவர் முதலில் சறுக்கும் இடம் அலகு. உரமூட்டையில் அச்சிட்டிருப்பது பாஸ்பரஸ் பென்டாக்சைடின் விழுக்காடு. சோதனையில் சொல்வது தனிமப் பாஸ்பரஸ். முன்னதை 0.436-ஆல் பெருக்கினால் பின்னது கிடைக்கும். ட்ரிபிள் சூப்பரில் 46 விழுக்காடு என்று போட்டிருந்தால் தனிமமாக 20 விழுக்காடுதான். 50 கிலோ தனிமத்துக்கு ஹெக்டேருக்கு 250 கிலோ உரம் வேண்டும். கால் ஹெக்டேர் திடலுக்கு ஆண்டுக்கு 62 கிலோ, தவணைக்கு 21 கிலோ. இந்தப் பெருக்கலை மறந்து 50 கிலோவை மூட்டைக் கணக்காக எடுத்தால் போய்ச் சேருவது 22 கிலோதான். விளைவு வராதபோது காட்டின்மேல் பழி போடுவோம். யூரியாவும் அப்படியே: 46 விழுக்காட்டுக் கணக்கில் ஹெக்டேருக்கு 272 கிலோ, திடலுக்குத் தவணைக்கு ஏறக்குறைய 23 கிலோ. யூரியாவைக் காய்ந்த சருகின்மேல் தூவினால் அமோனியாவாகப் பறந்துவிடும் என்பதால் மழைக்காலம் அவசியம்.

நம் ஊரில் எளிதாகக் கிடைக்கும் சிங்கிள் சூப்பர் இந்த வேலைக்குப் பொருந்தாது. அதில் தனிம மணிச்சத்து 7 விழுக்காடுதான், அதோடு ஜிப்சமாகக் கந்தகமும் கால்சியமும் சேர்ந்து வரும். எது விளைவைத் தந்தது என்று பிரிக்க முடியாமல் போகும். ட்ரிபிள் சூப்பரிலும் கால்சியம் உண்டு: 50 கிலோ மணிச்சத்தோடு குறைந்தது 32 கிலோ கால்சியம் வந்துவிடும். காரச்சத்துகளை மட்டும் பெற்ற திடல்கள் இருந்ததால்தான் இந்தச் சந்தேகத்தைத் தீர்க்க முடிந்தது. அவற்றில் வராத விளைவு மணிச்சத்துத் திடலில் வந்தால் அது கால்சியத்தால் வந்ததல்ல. இந்த வடிவமைப்பில் மிகவும் மெச்ச வேண்டிய முடிவு இதுவே என்பது இந்தக் கட்டுரையின் கருத்து.

50 கிலோ என்பது பெரிய அளவு. சருகு வழியே சுழலும் இரண்டு கிலோவோடு பார்த்தால் கால் நூற்றாண்டுக்கானது ஓர் ஆண்டில் கொட்டப்படுகிறது. தூசியோடு பார்த்தால் இரண்டாயிரம் மடங்கு. ஆனால் மண்ணிலுள்ள இரும்பும் அலுமினியமும் முதலில் தங்கள் பங்கைப் பிடித்துக்கொள்ளும் என்பதால் சிறு அளவு இட்டால் வேர்வரை எட்டாமலே போகலாம். பனாமாச் சோதனையும் இதே 50 கிலோவைப் பயன்படுத்தியதால் இரண்டையும் நேருக்கு நேர் வைத்துப் பார்க்கவும் முடிந்தது.

அளந்தது எப்படி, எங்கே தவறும்

நுண்வேர் என்பது 2 மில்லிமீட்டருக்குக் குறைந்த விட்டமுள்ளது. அதன் உற்பத்தியை அளக்க, வேர் நீக்கிய மண்ணை நிரப்பிய வலைக்குழாய்கள் 30 சென்டிமீட்டர் ஆழம்வரை புதைக்கப்பட்டன. மூன்று மாதங்களுக்கு ஒருமுறை எடுத்து, உள்ளே புதிதாக வளர்ந்த வேரைப் பிரித்து எடைபோட்டார்கள். குழாயில் நிரப்பும் மண் அதே திடலின் மண்ணாக இருக்க வேண்டும், அழுத்தமும் சுற்று மண்ணை ஒத்திருக்க வேண்டும். தளர்வாக நிரப்பினால் வேர் விருந்துக்கு வருவதுபோல் வந்து குவியும். களிமண்ணிலிருந்து மயிரிழை போன்ற வேரை முழுவதும் பொறுக்கி எடுக்க முடியாது. ஆகவே குறித்த நிமிடங்களுக்குள் எடுத்ததைத் தனித்தனியாக எடைபோட்டு, நேரம் கூடக் கூட எடை எப்படிக் குறைகிறது என்ற வளைகோட்டை நீட்டி மிச்சத்தை மதிப்பிடுவது இத்துறை வழக்கம். எல்லாத் திடலுக்கும் ஒரே நேர அளவு, முடிந்தால் ஒரே கைகள்.

பாஸ்படேஸ் அளப்பில் வேர் உயிரோடு இருக்க வேண்டும். பொதுவான முறை இது: கழுவிய வேர்த்துண்டை அமிலத் தாங்கல் கரைசலில் பாரா-நைட்ரோபீனைல் பாஸ்பேட்டோடு ஊறவிடுவார்கள். நொதி அதை வெட்டினால், சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்ததும் மஞ்சள் நிறம் எழும். அந்த நிறத்தின் அடர்த்திதான் அளவு. மழைக்காட்டு வேரிலிருந்து பழுப்புச் சாயமும் கசியும். அதைக் கழிக்க, வினைப்பொருள் சேர்க்காத வேர்க் கரைசலைத் தனியே படிக்க வேண்டும். தவறினால் டானின் மிகுந்த இனங்கள் நொதி மிகுந்தவை போலத் தோன்றும். கிடைப்பது நொதியின் வல்லமையே தவிர மண்ணில் அது செய்த வேலை அல்ல என்பதும் நினைவில் இருக்க வேண்டும்.

பூஞ்சையைக் காண்பது இன்னும் பொறுமையான வேலை. வேரை 10 விழுக்காடு பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் சூடாக்கி நிறம் நீக்கி, நீர்த்த அமிலத்தில் நனைத்து, வினிகரில் கலந்த மையாலோ டிரைபன் நீலத்தாலோ சாயமேற்றி, 200 மடங்கு பெரிதாக்கி, குறுக்குக்கோடு வேரை வெட்டும் நூறு இடங்களிலாவது பூஞ்சை இருக்கிறதா இல்லையா என்று எண்ணுவார்கள். பயிர் வேருக்கு அரைமணி நேரம் போதும். மர வேருக்குப் பல மணி நேரமும், கூடவே ஹைட்ரஜன் பெராக்சைடு வெளுப்பும் தேவைப்படலாம். தடுப்புச் சுவருள்ள கறுத்த இழைகள் வேறு கூட்டத்தைச் சேர்ந்தவை. அவற்றையும் கணக்கில் சேர்த்தால் எண் வீங்கும்.

முதல் ஆண்டு: நிலத்தடியில் தெரிந்த மாற்றம்

ஓர் ஆண்டுக்குள் வேர் பதில் சொல்லிவிட்டது. மணிச்சத்து பெற்ற திடல்களில் நுண்வேர் உற்பத்தி கூடியது. வேரின் விட்டம் கூடியது. வேரின் பாஸ்படேஸ் செயல்பாடு குறைந்தது. வேர்த்திசுவுக்குள் மணிச்சத்தின் செறிவு ஏறியது. தழைச்சத்து மட்டும் பெற்ற திடல்களில் வேரில் எந்த மாற்றமும் தென்படவில்லை.

நொதி குறைந்தது எதிர்பார்த்ததே. நொதி செய்யத் தழைச்சத்து செலவாகும். கரைந்த பாஸ்பேட் கைக்கெட்டும்போது மட்கிலிருந்து வெட்டியெடுக்கும் கத்தி தேவையில்லை.

விட்டமும் அப்படியே. மெல்லிய வேர் குறைந்த கரியில் அதிக நீளம் தரும், ஆனால் சீக்கிரம் சாகும். தேடல் எளிதானதும் மரம் பருத்த வேரில் முதலீடு செய்ய முடிகிறது.

எதிர்பாராதது பூஞ்சை. பாடநூல் சொல்வது எளிது: மணிச்சத்து கூடினால் பூஞ்சை குறையும். நாற்றங்காலில் அளவுக்கு மீறி டிஏபி என்ற மணிச்சத்து உரம் போட்டவர்கள் இதைக் கண்டிருப்பார்கள். மனாவுஸில் ஓராண்டுக்குப் பிறகு மணிச்சத்துத் திடல்களில் பூஞ்சைத் தொற்றின் விழுக்காடு தெளிவாகக் குறையவில்லை. அதைக் கூட்டியதோ காரச்சத்துகள். காரச்சத்து பெற்ற திடல்களில் வேர் விட்டமும் பூஞ்சைத் தொற்றும் இரண்டுமே ஏறின, ஆண்டின் சில பருவங்களில் வேர் உற்பத்தியும் கூடியது.

இரண்டாம் ஆண்டு: மேலே எட்டியது, தண்டுக்கு எட்டவில்லை

2022-ல் வெளியான இரண்டாண்டுக் கணக்கில், மணிச்சத்து பெற்ற திடல்களில் நுண்வேர் உற்பத்தி 29 விழுக்காடு கூடியிருந்தது. சருகு வழியே அளந்த இலைக்கவிகையின் உற்பத்தி 19 விழுக்காடு கூடியது. மரத்தண்டின் வளர்ச்சி கூடவில்லை. காட்டின் நிகர உற்பத்தியைக் கூட்டியது மணிச்சத்து மட்டுமே. தழைச்சத்துக்கும் காரச்சத்துக்கும் அந்த வல்லமை இருக்கவில்லை. முதல் ஆண்டில் வேரின் உருவத்தை மாற்றிய காரச்சத்துகள் மொத்த உற்பத்தியை நகர்த்தவில்லை என்பது கவனிக்கத்தக்கது. வேரின் வடிவம் மாறுவதும் காடு அதிகம் வளர்வதும் ஒன்றல்ல.

தண்டு அசையாததை ஏமாற்றமாகக் கொள்ளத் தேவையில்லை. வேரும் இலையும் மாதங்களில் பிறந்து மடிபவை, தண்டு பல்லாண்டுச் சேமிப்பு. இந்தக் காட்டின் மரங்களோ இயல்பிலேயே மெல்ல வளர்பவை. கிடைத்ததை முதலில் அடுத்ததை ஈட்டும் உறுப்புகளில் போடுவது இயல்பு. ஆனால் கரியைச் சேமிக்கும் கணக்கில் இந்த வேறுபாடு பெரிது. இலையிலும் நுண்வேரிலும் போன கரி விரைவில் மட்கிக் காற்றுக்குத் திரும்பும்.

பூஞ்சை குறையாததை எப்படிப் படிப்பது

‘தொற்று விழுக்காடு மாறவில்லை, ஆகவே பூஞ்சைக்கு ஒன்றும் ஆகவில்லை’ என்று முடிப்பது தவறு. விழுக்காடு என்பது வேரின் நீளத்தில் எவ்வளவு பங்கில் பூஞ்சை இருக்கிறது என்பது. வேரின் அளவே மாறும்போது அந்தப் பங்கு எதையும் முழுதாகச் சொல்லாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இவை விளக்கத்துக்கான எண்கள், திடலில் அளந்தவை அல்ல. முன்பு 100 கிராம் வேர், அதில் 40 விழுக்காடு நீளத்தில் பூஞ்சை. உற்பத்தி 29 விழுக்காடு கூடி 129 கிராம் ஆகிறது, விழுக்காடு 40 ஆகவே இருக்கிறது. பூஞ்சை குடியிருக்கும் வேரும் 29 விழுக்காடு கூடியதாகத் தோன்றும். ஆனால் விட்டம் 10 விழுக்காடு கூடியிருந்தால், திசுவின் அடர்த்தி மாறாத நிலையில், ஒரு கிராமுக்கான நீளம் 17 விழுக்காடு குறையும். அப்போது மொத்த நீளம் 100-லிருந்து 107-க்குத்தான் போயிருக்கும். எடையில் தெரிந்த வளர்ச்சியில் பெரும்பகுதி தடிமனாகப் போய்விட்டது. ஆனால் பூஞ்சை குடியிருப்பது வேரின் புறணியில், அதாவது மேல்தோலுக்கு உள்ளே இருக்கும் திசுவில். பருத்த வேரில் புறணியும் பெருகும். ஆகவே நீளம் சற்றே கூடினாலும், பூஞ்சைக்கான இடம் அதைவிட அதிகமாகக் கூடியிருக்கலாம். ஒரே 40 விழுக்காட்டுக்குப் பின்னால் இத்தனை வேறுபட்ட நிலைமைகள் ஒளிந்திருக்க முடியும்.

பருத்த வேர் என்பதே ஒரு குறிப்பு. மரங்களில் பொதுவாக மெல்லிய வேருள்ளவை தாமே தேடும், பருத்த வேருள்ளவை பூஞ்சையை நம்பும். மணிச்சத்தும் காரச்சத்தும் வேரைப் பருக்க வைத்தன என்றால், இந்த மரங்கள் கூட்டை முறிக்கும் திசையில் போகவில்லை. நொதியைக் கைவிட்டன, கூட்டாளியைக் கைவிடவில்லை. கூலி கொடுக்கக் கரி கூடுதலாக ஈட்டும் மரம் பூஞ்சையை இன்னும் சில காலம் வைத்திருப்பது வியப்பல்ல.

பனாமாவில் முடிவு வேறாக இருந்தது. அங்கே பல ஆண்டுகள் உரமிட்ட பிறகு, மணிச்சத்தும் தழைச்சத்தும் ஆர்பஸ்குலர் பூஞ்சையை ஏறத்தாழ ஒரே அளவுக்குக் குறைத்தன. எந்தப் பூஞ்சை வகைகள் இருந்தன என்பது இரண்டிலும் வெவ்வேறு விதமாக மாறியது. வேருக்குள் இருந்த பூஞ்சைக் கூட்டத்தைவிட மண்ணில் இருந்த கூட்டம்தான் அதிகம் மாறியது. சத்தைச் சருகாகச் சேர்த்தபோது பெரிய மாற்றமில்லை. இவற்றை மனாவுஸோடு வைத்துப் பார்த்தால் இரண்டு பாடங்கள் தெரிகின்றன. மண்ணின் தொடக்க நிலையும் உரமிட்ட காலமும் விடையை மாற்றுகின்றன. வேரை மட்டும் சாயமேற்றிப் பார்ப்பவர், மாற்றம் அதிகம் நடக்கும் இடத்தைப் பார்க்காமலே விடுகிறார்.

காரச்சத்து ஏன் பூஞ்சையைக் கூட்டியது என்பதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட விளக்கங்கள் பொருந்தும். டோலமைட் அமிலத்தைத் தணிக்கிறது, அலுமினியத்தின் நஞ்சைக் குறைக்கிறது. அது பூஞ்சைக்கும் வேர் நுனிக்கும் நல்லது. மணிச்சத்துத் தட்டுப்பாடு தீராத நிலையில் வேர் செழித்தால், அந்தச் செழிப்பு மணிச்சத்தைத் தேடும் கூட்டாளிக்கே போகும் என்பதும் பொருந்தும். இந்தச் சோதனையில் அமிலத் தணிப்பும் மூன்று காரச்சத்துகளும் ஒன்றாகவே வந்ததால் இவற்றைப் பிரிக்க வழியில்லை.

இனி மாற்ற வேண்டியவை

காரச்சத்துகளைச் சேர்த்தே இட்டது திடல்களின் எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைத்தது. அன்றைய கேள்விக்கு அது சரி. இன்று பூஞ்சையைப் பற்றிக் கேட்பவர் பொட்டாசியத்தைச் சுண்ணாம்பிலிருந்து பிரித்தே ஆக வேண்டும். 32 திடல்களையும் மாற்றத் தேவையில்லை. அருகிலேயே சிறு துணைத் திடல்களில், ஒன்றில் பொட்டாசியம் குளோரைடு மட்டும், ஒன்றில் கால்சியம் கார்பனேட் மட்டும், ஒன்றில் அமிலத்தைத் தொடாத கால்சியம் குளோரைடு என்று இட்டால் போதும். குளோரைடு மூன்றில் இரண்டில் வருவதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

பூஞ்சைக்கு விழுக்காட்டோடு மூன்று அளவீடுகள் சேர வேண்டும்: ஒரு சதுர மீட்டர் நிலத்தில் பூஞ்சை குடியேறிய வேரின் மொத்த நீளம், ஒரு கிராம் மண்ணில் பூஞ்சை இழையின் நீளம், வேரிலும் மண்ணிலும் தனித்தனியாக மரபணு வரிசை. இழையைத் தனியே பிடிக்க எளிய வழி உண்டு. சுமார் 40 மைக்ரோமீட்டர் கண்ணுள்ள நைலான் பையில் மணல் நிரப்பிப் புதைத்தால் வேர் நுழையாது, இழை மட்டும் நுழையும். அருகே 1 மைக்ரோமீட்டர் கண்ணுள்ள பையையும் புதைத்து, அதில் சேர்ந்ததைக் கழித்துக்கொள்ள வேண்டும். ஈரம் நிறைந்த மழைக்காட்டில் நைலானைக் கறையான் தொடுவதில்லை என்று நம்பக்கூடாது. திடலுக்கு ஒன்றிரண்டு பைகள் கூடுதலாகவே புதைக்க வேண்டும்.

ஆழமும் போதாது. 30 சென்டிமீட்டருக்குக் கீழே வேர் உண்டு, அங்கே சருகு இல்லை, பாஸ்படேஸுக்கு வேலை குறைவு. அதேபோல் தரைக்கு மேல் சருகுக்குள் ஏறிவரும் வேரைக் குழாய் பிடிக்காது. சான் கார்லோஸில் 99 விழுக்காட்டுக்கு மேல் பிடித்துக்கொண்டது அந்த மேற்பாய்தான். ட்ரிபிள் சூப்பர் விழுவதும் அந்த அடுக்கின்மேல்தான். சருகடுக்கில் தனிச் சட்டங்கள் வைத்து வேரை அளக்காவிட்டால், உரத்தை முதலில் தொடும் வேரைக் கணக்கிலிருந்து விட்டுவிடுகிறோம்.

அளவுதான் இன்னும் பெரிய கேள்வி. ஆண்டுக்கு 50 கிலோ என்பது தட்டுப்பாடு இருக்கிறதா என்று கேட்க நல்ல அளவு. கரியமில வாயு கூடும்போது காடு தன் வேராலும் பூஞ்சையாலும் எவ்வளவு மணிச்சத்தை மண்ணிலிருந்து பெயர்த்தெடுக்கும் என்று கேட்க அது பயன்படாது. அந்தக் கேள்விக்கு உரம் இடாமல் காற்றை மாற்ற வேண்டும். மனாவுஸ் அருகிலேயே மழைக்காட்டின்மேல் கரியமில வாயுவைக் கூட்டிப் பார்க்கும் அமேசான் ஃபேஸ் திட்டம் அதற்காகவே வகுக்கப்பட்டது. அங்கே வேரை அளப்பவர்கள் பாஸ்படேஸ் ஏறுகிறதா, வேர் மெலிகிறதா, பூஞ்சை இழை நீள்கிறதா என்று இதே மூன்றையும் எதிர்த்திசையில் பார்ப்பார்கள். அப்போது ஒப்பிட முடிய வேண்டுமானால் வலைக்குழாயின் ஆழம், வேர் பொறுக்கும் நிமிடங்கள், சாயமேற்றும் நேரம் ஆகியவை இரண்டு இடத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும்.